கேட்டால் கடனாகிவிடும்

பசியாவரம்
14 அக்டோபர் 2018

அன்புள்ள மாப்பிள்ளை நீலமேகத்துக்கு, மச்சான் மாசிலாமணி எழுதிக்கறது. இங்க நானும் காந்தாவும் சொகம். அங்க உன் ஒடம்பு எப்பிடி கீது? வேளைக்குத் துன்றியா?

போன் போட்டா நீ "ம்"னு மட்டும் சொல்ற. நானே பேசறேன், நீயே "ம்" கொட்ற. எங்கூட்டு எருமையே இத்த விட ஜாஸ்தி பேசும். காயிதத்துல "ம்"னு எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப முடியாதில்ல, அதான் லெட்டரு. பழவேற்காட்டு போஸ்ட் ஆபீஸ்ல கெழவனாட்டம் நின்னு கவரு வாங்கினேன். "இன்னா மாசிலாமணி, லவ் லெட்டரா?"ன்னு கவுண்டர்ல இருக்கறவன் கேக்கறான்.

என் தங்கச்சி போயி ஆறு மாசம் தாண்டிச்சி. அவ்ளோதான், அதப் பத்தி மேல எழுதல.

டீக்கடை டிவில பாத்தேன், உங்க புட்பால் டீமு கோச்ச தொரத்திட்டாங்களாமே. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே? அவன் பூட்டா அடுத்தவன எப்பிடிப் புடிப்பாங்க? பேப்பர்ல வெளம்பரம் குடுப்பாங்களா? வெவரமா எழுது.

காந்தா வாளைக் கருவாடு கட்டிக் குடுத்துக்கீறா. துன்னு.

வாடைக் காத்து ஆரம்பிச்சிடுச்சி, போர்த்திக்கினு படு.
மாசிலாமணி


மங்களூர்
25 அக்டோபர் 2018

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நான் நலம். அக்காவையும் உங்களையும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கருவாடு வந்தது. மெஸ் சமையல்காரர் முதல் நாள் மூக்கைப் பொத்தினார், மூன்றாம் நாள் "இன்னும் இருக்கா?" என்றார். அக்காவுக்கு நன்றி சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கோச் அன்று காலை பயிற்சி நடத்தினார். மத்தியானம் அவர் அறைக் கதவில் பெயர்ப்பலகை இல்லை. விளம்பரம் எல்லாம் கொடுக்க மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஏஜெண்டுகளின் மெயில் வரத் தொடங்கிவிட்டது. எங்கெங்கோ வேலை இழந்த கோச்சுகள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்: "தாக்கி ஆடுவோம், இளைஞர்களை வளர்ப்போம்." அவர்கள் முன்பு நடத்திய டீம்களின் வீடியோவைப் போட்டுப் பார்த்து, சொன்னதும் ஆடியதும் ஒன்றுதானா என்று சொல்வது என் வேலை. பெரும்பாலும் ஒன்றில்லை.

என் குறிப்புகளைப் பார்த்து டீம் டைரக்டர் மேடம் பெயர்களைக் குறைப்பார். கடைசி முடிவு முதலாளியுடையது. அவருக்கு முந்திரி வியாபாரம். பருப்பை விரலில் உருட்டியே ரகம் சொல்வார். கோச்சையும் அப்படிச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார். இப்போதைக்கு அவருக்கு ஒரு டச்சுக்காரர்மேல் கண்.

அதுவரை டீமைப் பார்த்துக்கொள்வது நம் பெருமாள் அண்ணன். அசிஸ்டண்ட் கோச், காசிமேட்டுக்காரர். பங்குனியில் என்னுடன் ரயிலிலும் படகிலும் வந்தாரே, சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளினாரே, அவர்தான். இந்த வேலை அவருக்கே கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நல்லது. வெளியிலிருந்து வருகிற கோச் தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருவார். வீடியோ ஆளைத்தான் முதலில் மாற்றுவார்கள்.

இங்கே இன்னும் மழை.
நீலமேகம்


பசியாவரம்
4 நவம்பர் 2018

அன்பு மாப்பிள்ளைக்கு, நாங்க எல்லாம் நல்லாக்கீறோம், நீ நல்லாக்கீறியா? தீவாளிக்கு இந்த வருசம் நம்ம வூட்ல எண்ணெச் சட்டி வைக்கல. நீயும் வைக்காத. ஆனா பட்டினி கெடக்காத.

டச்சுக்காரனா? யோவ், போதாதா? எங்கூராண்ட கோட்டை கட்டுனான், கோட்டை பூட்ச்சி. கல்லறை வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வச்சான், அது மட்டும் நிக்குது. மேயப் போற ஆடு இன்னிக்கும் அத்தப் பாத்து மெரளுது. திரும்ப அவனையே வெத்தல பாக்கு வச்சிக் கூப்புடறீங்களா?

நீ ஆரம்பாக்கத்து ரோட்டோரத்துப் புள்ள, எங்க பாடு கதை உனக்குத் தெரியாது. ஏரில எந்த எடத்துல, எந்த நாளு, யாரு வலை கட்டறதுன்னு பேரெழுதிப் பானையில போட்டுக் குலுக்கி எடுப்போம். அதான் பாடு. மொகத்துவாரத்தாண்ட பாடு உழுந்தவன் எறா அள்ளுவான். குலுக்கறப்போ சண்டையே வராது. யாரு பேர உள்ள போடறதுங்கறப்போதான் மண்டை ஒடையும். உங்க மொதலாளி கடைசில யார எடுக்கறார்னு பாத்துனு இருக்காத. பானையில பெருமாள் பேரு உழுதான்னு பாரு.

நல்ல மன்ஷன்யா அந்தாளு. அவ்ளோதான் சொல்லுவேன்.

காந்தா கேட்டதா சொல்லச் சொன்னா.
மாசிலாமணி


மங்களூர்
15 நவம்பர் 2018

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

பெயர்களைக் குறைத்தாகிவிட்டது. பெருமாள் அண்ணன் பெயர் உள்ளே போகவில்லை.

இந்த லீகில் தலைமைக் கோச்சாக இருக்க ஒரு லைசன்ஸ் வேண்டும். அது இல்லாதவர் கொஞ்ச காலம் தற்காலிகமாகத்தான் பார்த்துக்கொள்ள முடியும். அண்ணன் அந்தப் படிப்பை முக்கால்வாசி முடித்திருந்தார். கடைசிப் பகுதி போன ஏப்ரலில் நடந்தது. தங்கிப் படிக்க வேண்டும், பரீட்சையும் அங்கேயேதான். அவர் போகவே இல்லை. அடுத்தது வரும் ஜனவரியில்தான்.

"ஏன் போகவில்லை?" என்று மேடம் என் முன்னாலும் முதலாளி முன்னாலும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஒடம்பு சரியில்ல மேடம்" என்றார். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய் நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் கோபம் என்று நினைக்கிறேன். அண்ணன் வெளியே போனதும் முதலாளி என்னைப் பார்த்து, "நீ கூடவே இருக்கிறவன், நீ சொல்" என்றார். "தன் படிப்பிலேயே அக்கறை இல்லாதவர், சார்" என்று சொல்லிவிட்டேன். முதலாளி தலையாட்டினார். அத்துடன் அண்ணனைப் பற்றிய பேச்சு முடிந்தது.

மச்சான், காரியம் முடிந்து நான் திரும்பும்போது அவரும் கூடவே வந்தாரா? ஏப்ரலில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா? எனக்கு அந்த மாதம் சரியாக நினைவில்லை. வேலைக்குப் போனேன், வேலை செய்தேன், அவ்வளவுதான் தெரிகிறது.

அக்காவுக்கு வணக்கம்.
நீலமேகம்


மங்களூர்
5 டிசம்பர் 2018

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏரியில் காற்று மோசமா? என் கேள்வியில் தப்பு இருந்தால் மன்னிக்க வேண்டும்.

நேர்காணல் முடிந்தது. மூன்று பேர் வந்தார்கள். எங்கள் பழைய ஆட்டங்களிலிருந்து வெட்டிய வீடியோத் துண்டுகளைத் திரையில் போட்டு, "இந்த டீமை நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது வழக்கம். ஒருவர் திரையைப் பார்க்கவே இல்லை, தான் வாங்கிய கோப்பைகளின் படத்தைக் காட்டினார். இன்னொருவர் எங்கள் கோல்கீப்பரை மாற்றச் சொன்னார். அவர் திட்டியது எதிர் டீம் கோல்கீப்பரை. மேடம் தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார்.

டச்சுக்காரர் பெயர் ஹெண்ட்ரிக். எனக்குப் பழவேற்காட்டுப் பக்கம் என்று மேடம் சொன்னார். "உங்கள் ஆட்கள் அங்கே கோட்டை கட்டியிருந்தார்கள்" என்றேன். "அப்படியா? எங்களை மன்னித்துவிட்டார்களா?" என்றார். ஆடுகள் இன்னும் மன்னிக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

அவர் எல்லாத் துண்டுகளையும் கடைசிவரை பார்த்தார். பிறகு, "இந்தத் துண்டுகளை வெட்டியது இரண்டு பேரா?" என்று கேட்டார். எல்லாம் நான்தான் என்றேன். "ஏப்ரல் ஆட்டங்களை வெட்டியது ஒரு கோச்சின் கண். மற்றவை ஒரு இன்ஜினியரின் கண். இரண்டுமே நன்றாக இருக்கின்றன" என்றார். மறுபடியும் எல்லாம் நான்தான் என்றேன். சிரித்துக்கொண்டார்.

அவரைத்தான் எடுப்பார்கள். தன்னுடன் ஒரு அசிஸ்டண்ட், ஒரு வீடியோ ஆள் என இரண்டு பேர் வேண்டும் என்கிறார். ஒருவர்தான் முடியும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு வரி போடுங்கள், போதும்.
நீலமேகம்


பசியாவரம்
13 டிசம்பர் 2018

தம்பி நீலமேகத்துக்கு அக்கா காந்தா எழுதறது. நாங்க சொகமா கீறோம். நீங்க கவலப்படாதீங்க.

உங்க மச்சானுக்குக் கோவம் எல்லாம் இல்ல. உங்க லெட்டர வச்சிக்கினு உக்காருவாரு, பேனாவத் தொறப்பாரு, மூடுவாரு. "இன்னாய்யா, பேனாக்கு வலிக்குதா?"ன்னு கேட்டேன். "நீ வேலயப் பாருடி"ன்னாரு. அதான் நானே எழுதறேன். அவருக்குத் தெரியாது.

எங்கூர்ல ஒரு வழக்கம் கீது தம்பி. சாவு வூட்டுக்காரன் பேர்ல பாடு வந்துட்டா, அவன் ஏரில எறங்க மாட்டான். எறங்கத் தெம்பும் இருக்காது. ஆனா அவன் பாட்ட சும்மா உட மாட்டாங்க. யாரோ ஒருத்தர் தன் சொந்த வேலய உட்டுட்டு, அவன் பேர்ல வலை கட்டி, வந்தத அவன் வாசல்ல வச்சிட்டுப் பூடுவாங்க. யாரு கட்னதுன்னு அவன் கேக்கக் கூடாது. தெரிஞ்சவங்களும் அவனாண்ட சொல்லக் கூடாது. கேட்டா அது கடனாப் பூடும்னு சொல்லுவாங்க.

எங்க நைனா போனப்போ எங்கம்மா வாசல்லயும் எறா வந்துச்சி. யாரு வச்சதுன்னு அதுக்கு இன்னி வரைக்கும் தெரியாது. அதனால ஊர்ல எவனப் பாத்தாலும் சிரிச்சிடும். திருடனப் பாத்தாக்கூட சிரிக்கும்.

நீங்க கேட்டீங்க பாருங்க, ஏப்ரல் மாசம் யாரு இன்னா செஞ்சாங்கன்னு. அதுக்கு மேல நான் எழுதல. நீங்க படிச்சவரு.

எண்ணெ தேச்சிக் குளிங்க.
காந்தா


மங்களூர்
20 டிசம்பர் 2018

அன்புள்ள மச்சானுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். அக்கா எழுதியது கிடைத்தது. நான் யாரையும் கேட்கவில்லை. ஏப்ரல் ஆட்டங்களை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

நான் எப்போதும் பந்து பறிபோகிற நொடியிலிருந்துதான் வெட்டுவேன். கணக்குக்கு அது போதும். ஏப்ரலில் வெட்டிய ஒவ்வொரு துண்டும் அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறது. பந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பையன் தன் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து. தப்பு அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. எனக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது. எல்லாமே என் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஒன்றுகூட நான் வெட்டியதில்லை.

இப்போது கொஞ்சம் நினைவு வருகிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கும். "நவுரு, மெயில் பாக்கணும்" என்பார் பெருமாள் அண்ணன். எனக்கு டீ வந்திருக்கும். பிறகு வேலை முடிந்திருக்கும். நான் முடித்தேன் என்றே நினைத்திருக்கிறேன். மேடம் அப்போது என்னைப் பாராட்டினார். நான் "தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

அந்த நாட்களில்தான் அவர் பரீட்சைக்குப் போயிருக்க வேண்டும்.

அவரைப் பற்றி நான் அந்த அறையில் சொன்னது உங்களுக்குத் தெரியும். மச்சான், அவரிடம் கேட்கக் கூடாது, புரிகிறது. ஆனால் அவருக்காக மற்றவர்களிடம் சொல்லலாமா? உங்கள் ஊர் வழக்கம் அதற்கு என்ன சொல்கிறது? ஹெண்ட்ரிக்கின் ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. சீக்கிரம் எழுதுங்கள்.

நீலமேகம்


பசியாவரம்
27 டிசம்பர் 2018

மாப்ள,

சொகம் விசாரிக்க நேரமில்ல, படகு கெளம்புது, தபால்காரன் பைய மாட்டிக்கினு நிக்கிறான்.

சொல்லலாம். ஊரெல்லாம் சொல்லு. பெருமாள் காதுல மட்டும் உழக் கூடாது.

நீ கேட்டதுக்கு என்னால பொய்யும் எழுத முடியல, நெசமும் எழுத முடியல. காந்தா திருட்டுத்தனமா எழுதினது எனக்குத் தெரியும், திட்டல. இப்போ நீயா கண்டுபுடிச்சிட்ட, அதனால ஒண்ணு சொல்றேன். நீ மங்களூருக்குத் திரும்புன அன்னிக்கு படகுத் தொறையில பெருமாளத் தனியாக் கூப்ட்டேன். "சாமி, இவன ஒண்டியா உடாதீங்க"ன்னு கையப் புடிச்சேன். "நீ மூடுய்யா, நான் பாத்துக்கறேன்"னாரு. அவருக்குப் பரீட்சை இருந்தது எனக்குத் தெரியாது மாப்ள. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பனான்னு யோசிக்கறேன். கேட்டிருப்பேன். நீ எனக்கு முக்கியம்.

போ, போயி சொல்லு.
மாசிலாமணி


மங்களூர்
12 ஜனவரி 2019

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அங்கே பொங்கல் வேலைகள் நடக்காது என்று தெரியும். அக்காவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே மேடமிடம் போனேன். நான் முன்பு சொன்னது தவறு என்று சொல்லி, என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் என்னுடன் முதலாளி அறைக்கு வந்தார். முதலாளி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரூலை என்னால் மாற்ற முடியாது. ஆனால் இந்த ஆளை விட்டால் நான் வியாபாரியே இல்லை" என்றார்.

ஹெண்ட்ரிக்தான் தலைமைக் கோச். வெளியிலிருந்து ஒருவரைத்தான் அவர் கூட்டி வரலாம். அது அவருடைய அசிஸ்டண்ட் என்றால் பெருமாள் அண்ணன் போக வேண்டும். வீடியோ ஆள் என்றால் நான். "யார் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று ஹெண்ட்ரிக் எங்களிடம் விட்டுவிட்டார். யாரும் பேசுவதற்கு முன்னால், நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். ஜனவரிப் படிப்புக்கு அண்ணனுக்குச் சம்பளத்துடன் விடுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தார் மேடம். என்னைச் சின்னப் பையன்கள் டீமுக்கு மாற்றியிருக்கிறார்கள். வீடியோவும் எடுக்க வேண்டும், பந்தும் பொறுக்க வேண்டும்.

அண்ணனுக்குக் காரணம் தெரியாது. மைதானத்தில் பிடித்துக்கொண்டார்.

"டேய், உனுக்கு மூள கலங்கிப்போச்சா? பெரிய டீம உட்டுட்டு பசங்களுக்கு மூக்குச் சிந்தி உடப் போறியா?"

"பசங்க கத்திக்கினே இருப்பாங்கண்ணே. எனக்கு இப்ப அந்தச் சத்தம் வேணும்."

"ஷூ லேசு கட்டத் தெரியாது உனுக்கு, நீ அவனுங்களுக்குக் கட்டப் போற" என்று முதுகில் ஒன்று வைத்தார். நேற்று ரயில் ஏறிப் படிக்கப் போய்விட்டார்.

நீங்கள் அவர் கையைப் பிடித்ததற்கு, மச்சான், நான் என்ன எழுதுவது? அதையும் கேட்காத கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

நீலமேகம்


பசியாவரம்
17 பிப்ரவரி 2019

அன்பு மாப்பிள்ளைக்கு, நாங்க நல்லாக்கீறோம். நீயும் பசங்களும் நல்லாக்கீறீங்களா?

பெருமாள் பாஸ் பண்ணிட்டாருன்னு நீ போட்ட கார்டு வந்துச்சி. காந்தா தெருவுக்கே சுண்டல் குடுத்தா. "இன்னா விசேசம்?"னு கேட்டாங்க. "எங்க மாப்ள சிநேகிதரு கோச்சுக்குப் படிச்சி பாஸ் பண்ணிட்டாரு"ன்னா. யாருக்கும் ஒண்ணும் புரியல, சுண்டலத் துன்னுட்டுப் போனாங்க.

பங்குனில வருசத் திதி வருது. வருவியான்னு நான் கேக்கல. வராட்டியும் ஒண்ணும் இல்ல. ஒண்ணு மட்டும் எழுதறேன், கோச்சிக்காத. நீ போட்ட லெட்டரெல்லாம் எடுத்துப் படிச்சேன். கோச்சு வர்றான், மொதலாளி வர்றாரு, சமையல்காரன்கூட வர்றான். அவ பேரு மட்டும் எதுலயும் இல்ல.

காத்து இப்போ தெக்கேந்து திரும்பிடுச்சி.
மாசிலாமணி


மங்களூர்
24 மார்ச் 2019

அன்புள்ள மச்சானுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் மைதானத்தில் இருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. ஷில்லாங் பக்கத்து கிளப் ஒன்று. அடுத்த சீசனுக்குத் தலைமைக் கோச் தேடுகிறார்கள். அவர்கள் பார்க்கிற பெயர்களில் பெருமாள் அண்ணன் பெயரும் இருக்கிறது. கோச்சை எடுப்பதற்கு முன்னால் சில கிளப்புகள் முதலாளிகளிடம் விசாரிக்கும். சில கிளப்புகள் பஸ் டிரைவர், துணி துவைப்பவர், வீடியோ ஆள் என்று விசாரிக்கும். இவர்கள் இரண்டாம் வகை. பேசியவருக்கு வயதான குரல். "டீம் தோற்கும்போது அவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டார்.

நான் புள்ளிவிவரம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சார், போன வருஷம் என் மனைவி செத்துப்போயிட்டா" என்று வந்தது. அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மஞ்சள் காமாலை என்று தெரிந்ததையும் அது எத்தனை வேகமாக முடிந்தது என்பதையும் சொன்னேன். பெருமாள் அண்ணன் சேற்றில் படகைத் தள்ளியதை, பக்கத்து நாற்காலியை, டீயை, அவர் போகாத பரீட்சையைச் சொன்னேன். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அந்தப் பெரியவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கள் மனைவி பெயர் என்ன?" என்று கேட்டார்.

"தேவகி" என்றேன்.

அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் கோணலாக வந்தது. அதன்பின், "சரி. பயிற்சியைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவாரா?" என்றார். "தொடங்குவார் சார்" என்றேன்.

நேற்று அவர்கள் ஒப்பந்தம் அனுப்பிவிட்டார்கள். அண்ணன் அதை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தலைமைக் கோச் என்று எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். "அந்தக் குளுர்ல எவன்டா இருப்பான்?" என்று திட்டினார். "என்னப் பத்தி அவங்களாண்ட எவன் சொல்லியிருப்பான்?" என்றார். "யாராவது சொல்லியிருப்பாங்கண்ணே" என்றேன். கம்பளிச் சட்டை வாங்க நாளைக்கு இரண்டு பேரும் கடைக்குப் போகிறோம்.

மச்சான், தேவகி செத்துப்போயிட்டா. முகம் தெரியாத ஒருவரிடம் முதலில் சொன்னேன், இப்போது உங்களிடம். திதிக்கு முந்தின நாள் காலைப் படகில் வருகிறேன். நான்கு நாள் இருப்பேன். அவள் சின்ன வயசில் எப்படி இருந்தாள் என்று நீங்கள் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு வருஷத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் தங்கையின் கணவன்
நீலமேகம்